வேர் கழுவும் நாட்கள்

பெரியவர் எரிபெர்த்தோவின் தாடையை உடைத்தவர்கள் போகும்போது தெருக்கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனார்கள். மேல் வீட்டு யாஸ்னாவுக்கு அந்த மரியாதைதான் விசித்திரமாகப் பட்டது. பட்டப்பகல். பக்கத்து வீட்டு ரேடியோவில் கும்பியா பாட்டு அலறிக்கொண்டிருந்தது. போலீஸ் மேல்சட்டை மாட்டிய நாலு பேர் குன்றின் படிக்கட்டில் ஏறி வந்தார்கள். மனுஷரை நாற்காலியோடு கட்டி இரும்புக் குழாயால் முகத்தில் அடித்தார்கள். அவர் மனைவி மிர்த்தாவைக் குளியலறையில் தள்ளிப் பூட்டினார்கள். மாடியில் இருந்த கஞ்சாச் செடிகளை ஒன்று விடாமல் வெட்டி மூட்டை கட்டிக்கொண்டு அதே படியில் இறங்கிப் போனார்கள். குன்றே ஜன்னலில் நின்று பார்த்தது. போலீஸ் என்று நம்பியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். போலீஸ் இல்லை என்று தெரிந்தவர்கள் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார்கள்.

சாயங்காலம் யாஸ்னா கோழி சூப் எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாடியில் என்ன இருந்தது என்ற கேள்வி வரும். அதனால் மிர்த்தா ஒரு பழைய துண்டைக் கிழித்து, பல்வலிக்காரனுக்குக் கட்டுவதுபோல உச்சந்தலையோடு சேர்த்து அவர் தாடையைக் கட்டியிருந்தாள். ஊட்டிய சூப்பில் பாதி மூக்கு வழியாக வந்தது.

"நாளைக்குத்தானே வெட்டறதா இருந்தீங்க?" என்றாள் யாஸ்னா. "இவ்வளவு சரியா எப்படி வந்தானுங்க?"

எரிபெர்த்தோ பல்லைப் பிரிக்காமல் பேசினார். "பேனா. ஒருத்தன் சட்டைப் பையில மீட்டர் பேனா இருந்துச்சு. படிக்கட்டு வாய்க்கால்ல முக்கிப் பாத்துட்டுத்தான் வரோம்னு அவனே சொன்னான். 'ஒரு வாரமா ஒங்க தண்ணியப் பாத்துகிட்டு இருக்கோம், இன்னிக்குக் கொழாத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, நல்லாக் கழுவியிருக்கீங்க'ன்னான். பாராட்டிட்டு அடிச்சான் அந்தத் தேவடியா மவன்."

யாஸ்னா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பேனா அவள் வீட்டிலும் இருந்தது. தண்ணீரில் எவ்வளவு உர உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற, விரல் நீளக் கருவி. இந்தச் செடிகளுக்கு மண் கிடையாது. சுட்ட களிமண் உருண்டைகளில் வேரை ஊன்றி, உரம் கரைத்த தண்ணீரைக் குழாய் வழியாகக் கொடுத்துத்தான் வளர்ப்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் உரத்தை நிறுத்திவிட்டு, பத்து நாள் போல வெறும் தண்ணீரை விடுவார்கள். கழுவுவது என்று அதற்குப் பேர். கழுவாத சரக்கு பற்றவைத்தால் படபடவென்று வெடிக்கும், தொண்டையை அறுக்கும், சாம்பல் கரிக்கட்டை மாதிரி நிற்கும் என்பது குன்றில் இந்தத் தொழில் செய்கிற அத்தனை பேரின் நம்பிக்கை. வாங்குகிறவனின் நம்பிக்கையும் அதுதான். அதனால் திருட வருகிறவனும் கழுவி முடிகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பான்.

அவன் காத்திருக்க வசதியாக வீட்டுக்கு வீடு ஒரு கழிவுக் குழாய் வாய்க்காலில் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் குடிக்கிற தண்ணீரே லாரியில்தான் குன்றுக்கு ஏறுகிறது. யார் வீட்டுக் கழிவு தினமும் ஓடுகிறதோ அவன் வீட்டில் என்ன வளர்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். பேனா வைத்திருக்கிறவனுக்கு என்றைக்கு வெட்டப்போகிறான் என்பதும் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் இது தன் மண்டையில் ஏறவில்லையே என்று யாஸ்னாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வேர்வை வழிய மேலே ஏறினாள். அவள் வீட்டுச் செடிகளில் மொட்டு கனத்துத் தலை தொங்கிவிட்டது. மறுநாள் கழுவ ஆரம்பிக்க வேண்டிய நாள்.

தம்பி எலிசேயோ தொட்டிகளுக்கு நடுவில் முட்டி போட்டு, வலது கையால் ஒரு குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். இடது கை மடியில் கிடந்தது. அதில் மூன்று விரல் இனி மடங்காது.

அது விளாதிமிர் செய்த வேலை. வீடு விளாதிமிருடையது, விளக்குகள் விளாதிமிருடையவை, தெருக்கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரமும் விளாதிமிருடையது. அக்காவும் தம்பியும்கூடத் தன்னுடையவர்கள்தான் என்பது அவன் நினைப்பு. போன அறுவடையில் அவனுக்கு அவசரம். வெட்டி இரண்டு வாரம் நிழலில் தொங்கிக் காயவேண்டிய மொட்டுகளை, அறைக்குள் ஹீட்டரை வைத்து மூன்றே நாளில் முறுக்கு மாதிரி ஆக்கினான். பக்கத்து ஊரான வீன்யாவில் சரக்கு வாங்குகிற ஒரு பெரிய ஆள் அதைப் பற்றவைத்து, இருமி, கரிய சாம்பலைக் கூட்டத்துக்குக் காட்டிச் சிரித்தானாம். விளாதிமிர் திரும்பி வந்தான். எலிசேயோவின் இடது கையை நிலையில் வைத்து இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். "கழுவாம வெட்டியிருக்கீங்க," என்றான். அவர்கள் முறைப்படி கழுவித்தான் வெட்டியிருந்தார்கள். ஹீட்டரைப் பற்றி அங்கே யாரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் இன்னொரு கையும் அப்போதே போயிருக்கும்.

போகும்போது அந்த இன்னொரு கையைத்தான் அவன் சுட்டிக் காட்டினான். "அடுத்த தடவ சாம்பல் வெள்ளையா இருக்கணும். இல்லன்னா அதுவும்."

"நாளைக்கே வெட்டிடலாம்," என்றாள் யாஸ்னா, வாசலில் நின்றபடியே.

"கழுவாமயா?"

"கழுவாம."

எலிசேயோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்கு ரெண்டு கையும் நல்லாருக்கு அக்கா. நீ சொல்லுவ."

அவள் எரிபெர்த்தோ சொன்னதைச் சொன்னாள். அவன் குழாயை விட்டுவிட்டுக் கேட்டான்.

"கழுவறதுனால ஒண்ணும் கிழியலடா," என்றாள். "போன தடவ கழுவினோமே, என்னாச்சு? ஹீட்டர் வெச்சுத்தான் கெட்டுச்சு. அது ஒனக்கும் தெரியும்."

"தெரியும். போய் அவன்கிட்ட சொல்லு."

அவள் உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கழுவணும்," என்றான் அவன். "இலையெல்லாம் வாழப்பழத் தோலாட்டம் மஞ்சளாவணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும். கழுவறதுல பிரயோசனம் இருக்கோ இல்லையோ, அவன் அதத்தான் பாப்பான். என் கை அக்கா இது. சோறு திங்கற கை."

"பத்து நாள் சுத்தத் தண்ணி ஓடினா அவனுங்க வந்து நிப்பானுங்க. எரிபெர்த்தோவுக்குத் தாடையோட போச்சு. ஒன்ன என்ன பண்ணுவானுங்கன்னு நான் நெனச்சுப் பாக்கவே பயப்படறேன்."

கழுவினால் திருடன், கழுவாவிட்டால் விளாதிமிர். இரண்டு பக்கமும் கத்தி. யாஸ்னாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் இவன். அந்த ஒற்றைக் கையை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தவிர அன்றைக்கு அவள் தலைக்குள் வேறு எதுவும் நுழையவில்லை.

வழி காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. தண்ணீர் சுத்தமாக ஓடினால்தானே காட்டிக்கொடுக்கும்? செடிக்கு வெறும் தண்ணீரே போகட்டும். அது வேரைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது நீல டிரம்மில் பிடித்து, அதில் உரத்தைக் கலந்து, பேனாவில் எண் பழையபடி ஏறியதும் வாய்க்காலில் திறந்துவிட்டால்? வெளியே நிற்கிறவன் முக்கிப் பார்ப்பான். இந்த வீட்டில் இன்னும் செடிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிவிடுவான்.

எலிசேயோ முதலில் சிரித்தான். "சாக்கடைக்கு ஊட்டச்சத்தா? எலியெல்லாம் மொட்டு விடப்போவுது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு டிரம்மை அவனே உருட்டிக்கொண்டு வந்தான்.

நாட்கள் போயின. மேலே செடிகள் பச்சையை விட்டுக்கொண்டே வந்தன. கீழே வாய்க்காலில் கெட்டியான உரத் தண்ணீர் ஓடியது. ஒரு நாள் மதியம் தொப்பி போட்ட ஒருவன் படிக்கட்டில் ஷூ கயிறு கட்டக் குனிந்தான். கட்டிக்கொண்டே இருந்தான். யாஸ்னா திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான், முக்கினான், உதறினான், மறுபடியும் முக்கினான். உதட்டைப் பிதுக்கினான். பேனாவைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு விசில் அடித்தபடி இறங்கிப் போனான்.

அன்றைக்கு அக்காவும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எலிசேயோ டிரம்மைச் சுற்றி வந்து கால் தூக்கி ஆடினான். முதலில் பழுத்த ஒரு சின்னக் கிளையை வெட்டி, இருட்டு அலமாரிக்குள் நிதானமாகக் காயத் தொங்கவிட்டிருந்தான். அதை எடுத்து முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"விளாதிமிர்கிட்ட சொல்லிடலாமா, இந்த டிரம் விஷயம்?" என்று கேட்டான்.

"போன்ல செடியப் பத்திப் பேசினா நாக்க அறுப்பேன்னு சொன்னது யாரு? அவன் ஆளுங்கள்ல எவன் வாய் ஓட்டை வாய்னு யாருக்குத் தெரியும்? வெட்டறப்ப சொல்லிக்கலாம், விடு."

விளாதிமிரும் ஒரு காலத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாக வாய்க்காலில் பேனா முக்கித் திரிந்தவன்தான், அப்படித்தான் முதல் வீட்டைப் பிடித்தான் என்பது குன்றுக்கே தெரியும். யாஸ்னாவுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு அதை நினைத்து நினைத்து அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அவன் ஒரு மதியம் வந்தான். யாஸ்னா சமையலறையில் குழவிக் கல்லால் பூண்டும் மிளகாயும் நசுக்கிக்கொண்டிருந்தாள். எலிசேயோ மேஜையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சாவி திரும்பியது. விளாதிமிர் உள்ளே வந்தான், பின்னால் அவன் எடுபிடி பாவேஸ். விளாதிமிரின் கையில் மீட்டர் பேனா. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உக்காரு, உக்காரு," என்றான், எழுந்த எலிசேயோவிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பாவேஸ் பின்பக்கமாகப் போய் எலிசேயோவின் கழுத்தை மேஜையோடு அழுத்தி, வலது கையை நீட்டிப் பிடித்தான். விளாதிமிர் யாஸ்னாவின் கையிலிருந்து குழவியைப் பிடுங்கினான். பூண்டு வாசனையோடு அது மேலே போய்க் கீழே வந்தது.

முதல் அடிக்கு எலிசேயோ கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவன் போலப் பார்த்தான். இரண்டாவது அடிக்குக் கத்தினான். யாஸ்னா விளாதிமிரின் முதுகில் பாய்ந்து காதைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் அவளை உதறி அடுப்பின் மேல் எறிந்தான். புருவம் கிழிந்து வழிந்த ரத்தத்தில் ஒரு கண் மறைந்தது. மூன்றாவது அடியில் மேஜைப் பலகை பிளந்தது.

"மேல போய்ப் பாருங்க," என்று அவள் தரையிலிருந்து கத்தினாள். "கழுவிட்டோம். இலையெல்லாம் மஞ்சளா இருக்கு. வாய்க்கால்ல போறது பொய்த் தண்ணி. மேல போய்ப் பாருங்க முதலாளி."

குழவி பாதியில் நின்றது. அவன் அவளையே பார்த்தான். பிறகு அதை மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

எலிசேயோ நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். கை என்று சொல்ல அங்கே எதுவும் ஒழுங்காக இல்லை. விரல்கள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன, நடுவிரலில் வெள்ளையாக எலும்பு. யாஸ்னா ஊர்ந்து போய் அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். பாவேஸ் தண்ணீர்க் குழாயில் தன் கையை அலம்பிக்கொண்டிருந்தான்.

விளாதிமிர் ஒரு மஞ்சள் இலையோடும், அலமாரியில் காய்ந்த அந்தக் கிளையோடும் இறங்கி வந்தான். காதிலிருந்து ரத்தம் காலரில் வழிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து, நிதானமாகச் சுருட்டி, பற்றவைத்தான். வெடிக்கவில்லை. மூன்று இழுப்பு இழுத்துவிட்டுச் சாம்பலை மேஜையில் தட்டினான். சாம்பல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"ஏன் மொதல்லயே சொல்லல?" என்றான்.

யாஸ்னா டிரம்மைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வர, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "திருடனுக்குக் காட்ட வேண்டிய வித்தைய எனக்கே காட்டியிருக்க. கேட்டியா பாவேஸ்? இவளுக்குள்ள மூளைய வெச்சுகிட்டு இவ பூண்டு இடிக்கறா." தரையில் கிடந்தவனைக் காலால் லேசாக நெம்பினான். "நல்லா வந்திருக்குடா தம்பி. இவ்வளவு நல்லா நீ கழுவினதே இல்ல."

ஆஸ்பத்திரி கூடாது என்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பார்கள். வெட்டி முடிகிற வரைக்கும் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. கீழே ஒரு வீடு போனபிறகு இந்த வீட்டை நம்பி விடமுடியாது, தானே காவல் இருக்கப்போகிறேன் என்றான். பாவேஸ் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி வந்தான். "நீ பாட்டுக்கு டிரம்முல கலக்கறதக் கலந்துகிட்டே இரு," என்று யாஸ்னாவிடம் சொன்னான் விளாதிமிர். "நல்ல யோசன அது."

மறுநாள் காலையில் எலிசேயோவின் கை அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கிழித்த படுக்கைத் துணியைச் சுற்றியதும் அவன் நாய்க்குட்டி போல முனகினான். சமையலறையில் விளாதிமிர் ரொட்டியில் அவகாடோவைத் தடவித் தின்றுகொண்டே தேநீருக்குச் சர்க்கரை பற்றவில்லை என்றான். யாஸ்னா சர்க்கரை போட்டாள். பிறகு பின்கட்டுக்குப் போய் நீல டிரம்மின் முன்னால் நின்றாள். உர பாட்டிலைத் திறந்தாள். மூடியில் ஊற்றினாள். அந்தக் கரும்பச்சைத் திரவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், அதைத் திரும்ப பாட்டிலுக்குள்ளேயே கவிழ்த்து இறுக்கத் திருகினாள்.

டிரம்மைத் திறந்துவிட்டாள். கழுவின தண்ணீர், ஏறக்குறைய குடிக்கிற தண்ணீர், குழாய் வழியாக வாய்க்காலில் விழுந்து படிக்கட்டோரம் பளபளவென்று இறங்கிப் போனது. 

"கலந்தியா?" என்றான் விளாதிமிர் உள்ளேயிருந்து.

"கலந்தேன் முதலாளி."

எழுந்து வந்து தன் பேனாவை ஒரு தடவை முக்கியிருந்தால் அக்காவும் தம்பியும் அன்றே முடிந்திருப்பார்கள். அவன் எழவில்லை. அடி வாங்கினவள் பொய் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த நாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும் கேட்டான், அவள் அதையே சொன்னாள். தன்மேல் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் காதுக்கு இதமாக இருந்தது.

அதற்குள் எலிசேயோவுக்குக் காய்ச்சல் கொதித்தது. விரல் நுனிகள் கறுத்தன. வீட்டில் பூவும் அழுகலுமாக ஒரு நாற்றம். யாஸ்னா விளாதிமிரின் முன்னால் போய் நின்றாள்.

"செத்துடுவான். வெட்டறதுக்கு ஆளுங்க வரப்போற வீட்ல பொணத்த எங்க வெப்பீங்க?"

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். தொலைக்காட்சியில் பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது, துப்பாக்கி மடியில். பாவேஸ் மாடியில் தூங்கினான். "கூட்டிட்டுப் போய்த் தொல. கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு. வேற ஏதாவது ஒளறினா நான் எங்க இருப்பேன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும் முதலாளி."

வெயில் சுள்ளென்று அடித்தது. தம்பியின் இடது பக்கத்தைத் தோளில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கினாள். எரிபெர்த்தோவின் வீட்டைத் தாண்டியதும் படிக்கட்டு வளைகிறது. வளைவில் நாலு பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ் மேல்சட்டை, இடுப்பில் ஆயுதம். முதலில் வந்தவனின் சட்டைப் பையில் மீட்டர் பேனா செருகியிருந்தது. ஷூ கயிறு கட்டினவன்தான்.

அவன் எலிசேயோவின் கையைப் பார்த்துவிட்டு, மற்றவர்களையும் சுவரோரம் ஒதுங்கச் சொன்னான். "பாத்து எறங்குங்கம்மா. தண்ணி ஓடுது, வழுக்கும்."

"சரிங்க," என்றாள் யாஸ்னா.

அவர்கள் ஏறிப் போனார்கள். ஒரு குரல் கொடுத்தால் போதும். மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது. பெயர் சொல்லி ஒரு கத்துக் கத்தினால் விளாதிமிர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பான். யாஸ்னா வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதன் சாக வேண்டும் என்று அவள் அப்பட்டமாக ஆசைப்பட்டாள்.

"யாரு அக்கா அது?" எலிசேயோவுக்குக் கண்ணே திறக்கவில்லை.

"போலீஸ்."

"நெஜப் போலீஸா?"

"நட."

கீழே வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தபோது மேலே கதவு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு துப்பாக்கி. ஒரு முறை, உடனே பல முறை, பிறகு ஒருவன் அலறுகிற சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோவின் ஒலியை யாரோ கூட்டினார்கள். வாடகைக் காரின் ஓட்டுநர் மேலே பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காப்பாற்றப் பார்க்கலாம், நடுவில் மூன்றும் போகவேண்டியதுதான், மூன்று நாளாக வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கதவில் நசுங்கியது என்றாள் யாஸ்னா. டாக்டர் அவளுடைய கிழிந்த புருவத்தைப் பார்த்தாள், மேலே கேட்கவில்லை. எலிசேயோவை மயக்கம் கொடுக்கக் கூட்டிப் போகும்போது அவன் அக்காவின் சட்டையைப் பற்றப் பார்த்தான். பற்றுவதற்கு விரல் மடங்கவில்லை. யாஸ்னா நடைபாதையில் சுவரில் முகத்தை வைத்து, சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதாள்.

அப்போதுதான் விளாதிமிரைக் கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சரை உடனே உள்ளே கொண்டுபோக அறை காலியாக இல்லை. நடைபாதையில் அவள் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு ஓடினார்கள். வயிற்றில் இரண்டு குண்டு. போர்த்தியிருந்த துணி நனைந்து சொட்டியது. தாடையும் உடைந்திருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவளைத் தெரிந்துகொண்டான். விரலை அசைத்துக் கூப்பிட்டான்.

அவள் கிட்டே போனாள்.

"பாவேஸ்," என்றான். வாயில் ரத்தம் நுரைத்தது. "பின் ஜன்னல்ல குதிச்சு ஓடிட்டான். அவன்தான் என்னைக் காட்டிக்குடுத்துட்டான். இல்ல? சொல்லு. நீ பாத்திருப்ப. அவன்தானே?"

யாஸ்னாவுக்கு ஒரே கணத்தில் எல்லாம் விளங்கியது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இவன் பிழைத்து எழுந்து வந்தாலும் பாவேஸைத் தேடித்தான் போவான். அவளையும் தம்பியையும் நினைக்கக்கூட மாட்டான். இத்தனை நாளாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் இந்த ஒரு பாதுகாப்புக்காகத்தான். ஆனால் உள்ளே, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், இந்நேரம் மூன்று விரலை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவன் பாவேஸைத் திட்டிக்கொண்டே சாவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

குனிந்து, அவள் கடித்த காதின் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"பாவேஸ் இல்ல முதலாளி. நான். டிரம்முல கலக்கறத நிறுத்திட்டேன். மூணு நாளா சுத்தத் தண்ணிதான் போச்சு. நீங்க கலந்தியான்னு கேட்டப்பல்லாம் சுத்தத் தண்ணிதான் போச்சு."

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கை மேலே வந்து அவள் கழுத்தைத் தேடியது. நர்ஸ்கள் ஓடி வந்து அவனை அமுக்கிப் படுக்க வைத்தார்கள். ஒருத்தி யாஸ்னாவைப் பார்த்து, சொந்தக்காரரா, பேச்சுக் கொடுத்து ஆளைப் பதற வைக்காதீங்க என்று கடிந்துகொண்டாள். அவன் கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே அறுவைச் சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைப்பானா என்று அவள் கேட்டாள். நல்ல உடம்பு, பிழைத்தாலும் பிழைப்பார் என்றாள் நர்ஸ். யாஸ்னா ஒரு நாற்காலியை இழுத்து, தம்பியைக் கொண்டுபோன அறையின் வாசலை அடைத்தாற்போலப் போட்டு, விளாதிமிரைக் கொண்டுபோன கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.